அந்த ஷிப்டில் யார் இறங்கினார்? விளையாட்டாளர்களுக்காக ஒரு கதையின் முடிவை மாற்றி, திரும்பப் பெற்ற நிகழ்வு

பின்னணி

பெங்களூரு அல்சூரில், ஏரிக்குப் பின்புறத் தெரு ஒன்றின் மாடி வீட்டில் ஆறு பேர் சேர்ந்து ஒரு கதை விளையாட்டை உருவாக்கினோம். 2021 இறுதியில் தொடங்கிய வேலை 2023 இறுதியில் முடிந்தது. சோதனைப் பொறுப்பு என்னுடையது. விளையாடிப் பார்ப்பவர்கள் எழுதுவதையும் சொல்வதையும் தொகுத்துக் குழுவின் முன் வைப்பேன். அந்தக் குறிப்புகளை நம்பிக் கதையின் முடிவை ஒருமுறை மாற்றினோம். பிறகு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றோம். இரண்டு முடிவுகளிலும் எனக்குப் பங்கு உண்டு. ஆட்களின் பெயர்களையும் விளையாட்டின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன்.

குழுவில் நான்கு பேர் தமிழர்கள். கதை எழுதியவர் கோலார் தங்கவயல் குடும்பத்துப் பெண். அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெங்களூரில் வாழும் தமிழர்களுக்குத் தங்கவயலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த ஊருக்கு, 1880-களிலிருந்து வட ஆற்காடு, சேலம் பகுதிகளின் ஏழைக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் அந்த ஊர் பிழைப்பது ரயிலை நம்பித்தான். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் வீடு திரும்புகிறார்கள்.

விளையாட்டின் கதை 1980-களில் தொடங்குகிறது. லைன் வீடு ஒன்றில் வாழும் பதின்மூன்று வயதுப் பெண்ணாக நாம் விளையாடுகிறோம். முதல் அத்தியாயத்தில் தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கை நிரப்புகிறாள். இரண்டாவதில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட். அவளுக்கு மனம் சரியில்லை. “இன்று போக வேண்டாம் அப்பா” என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். மூன்றாவது அத்தியாயத்தில் ஆழத்தில் பாறை வெடிக்கிறது. அப்பா திரும்பி வரவில்லை. நான்காவது அத்தியாயம் 2001-இல் நடக்கிறது: சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அதே பெண் பெங்களூரு செல்லும் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

பாறை வெடிப்பு என்பது எங்கள் கற்பனை அல்ல. அவ்வளவு ஆழத்தில் பாறை பெரும் அழுத்தத்தில் இருக்கும். தோண்டித் தோண்டி வெற்றிடம் உண்டானதும் அந்த அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டுப் பாறை சிதறும். கோலார் அதற்குப் பெயர்போன இடம். அதிர்வு தரைக்கு மேலேயும் உணரப்பட்டது.

திரையின் மூலையில் ஒரு வரி

இந்த நிகழ்வு முழுவதற்கும் வித்து ஒரே ஒரு வரி. ஆனால் அது வித்து என்று எங்களுக்குத் தெரிய ஏழு மாதங்கள் ஆயின.

இரண்டாவது அத்தியாயத்தில் பெண் “போக வேண்டாம்” என்று சொன்னதும், திரையின் இடது மூலையில் “அப்பா இதை நினைவில் வைத்திருப்பார்” என்ற வரி தோன்றி மறையும். 2012-இல் டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டு இத்தகைய வரியைப் பரவலாக்கியது. அதன் பிறகு வந்த எத்தனையோ கதை விளையாட்டுகளில் இது வழக்கமாகிவிட்டது. எங்கள் எழுத்தாளர் இந்த வரியை எழுதவில்லை. நிரல் எழுதியவர் சேர்த்தார். நானும் நன்றாக இருக்கிறது என்றேன். விளையாடுபவரின் தேர்வுக்கு உடனே ஒரு பதில் கிடைத்தது போலத் தெரியும் என்பதுதான் காரணம். அப்பா அதை நினைவில் வைத்திருக்கிறாரா, வைத்திருந்து என்ன செய்யப் போகிறார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அவர் எப்படியும் ஷிப்டுக்குப் போய்விடுவார் என்பது முன்பே எழுதப்பட்டிருந்தது.

முன்வெளியீடும் முதல் குறிப்புகளும்

2022 அக்டோபரில் முதல் மூன்று அத்தியாயங்களை, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் முன்வெளியீடாகக் கொடுத்தோம். முழுமையாகாத விளையாட்டை விற்று, வாங்கியவர்களின் கருத்தைக் கேட்டு முடிக்கும் முறை அது. ஆறு வாரங்களில் 400-க்கும் மேற்பட்ட குறிப்புகள் வந்தன. எல்லாவற்றையும் நானே படித்து வகைப்படுத்தினேன்.

சில குறிப்புகளில் முடிவெடுப்பது எளிதாக இருந்தது. எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார்கள், பெரிதாக்கினோம். “லைன்”, “தூக்கு” போன்ற சொற்கள் ஆங்கிலப் பதிப்பில் புரியவில்லை, எடுத்துவிடுங்கள் என்றார்கள்; எடுக்கவில்லை, சொல்லைத் தொட்டால் பொருள் தெரியும்படி செய்தோம்.

ஆனால் குறிப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஒரே விஷயத்தைப் பேசின: அப்பாவைக் காப்பாற்ற வழி வேண்டும். கெஞ்சியவர்கள் இருந்தார்கள். திட்டியவர்களும் இருந்தார்கள். “நான் செய்த எதற்கும் மதிப்பில்லை என்றால் எதற்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள்?” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ‘முடிவு பிடிக்கவில்லை’ என்ற கட்டத்தில் போட்டேன். இந்த நிகழ்வில் என் முதல் பிழை அது. அவர் முடிவைப் பற்றி எழுதவே இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தார். நான் அதை ஒரு விருப்பமாகப் படித்தேன்.

முதல் முடிவு: காப்பாற்றும் கிளை

2022 டிசம்பர் முதல் வாரத்தில் கூடிப் பேசினோம். எங்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த வெளியீட்டு நிறுவனம், விமர்சனங்களில் ‘பரிந்துரைக்கிறேன்’ என்பவர்களின் பங்கு உயர்ந்தால்தான் அடுத்த தவணையை விடுவிக்கும் நிலை. கையில் இருந்த பணம் மார்ச் மாத வாடகை வரைதான் வரும். இதை மறைத்துவிட்டு, கலை பற்றிய விவாதமாக மட்டும் அந்தக் கூட்டத்தை எழுதினால் அது பொய்.

எழுத்தாளர் எதிர்த்தார். “மண்ணுக்குள் நடந்து முடிந்ததை மேலே இருப்பவர்கள் கை தூக்கி மாற்ற முடியாது” என்றார்.

“அக்கா, விளையாடுபவர்கள் இத்தனை பேர் கேட்கிறார்கள். நாம் யாருக்காகச் செய்கிறோம்?” என்று நிரலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் எண்ணிக்கை இருந்தது. அதை மேஜைமேல் வைத்தேன். நான்குக்கு இரண்டு என்று, அப்பா பிழைக்கும் மாற்று வழியை, அதாவது ஒரு கிளையை, சேர்க்கும் பக்கம் வென்றது. நான் அந்த நான்கு பேரில் ஒருவன்.

எழுத்தாளர் பத்து நாட்களில் அதை எழுதிக் கொடுத்தார். முதல் அத்தியாயத்தில் அப்பாவோடு போதுமான நேரம் செலவழித்து, இரண்டாவதில் “போக வேண்டாம்” என்று சொன்னால், அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவார். இரவில் பாறை வெடிக்கும். “உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய காயம் ஒன்றும் இல்லை” என்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போவார். 2001-இல் அப்பா வயதானவராகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஜனவரியில் நான்காவது அத்தியாயத்தோடு சேர்த்து இதை வெளியிட்டோம்.

மூன்று வாரங்களில் விமர்சனங்கள் ஏறின. தவணை வந்தது. நன்றிக் கடிதங்கள் வந்தன. அந்த மாதத்தோடு இந்தப் பதிவை நிறுத்தியிருந்தால், விளையாட்டாளர்கள் சொன்னபடி கேட்டதால் பயன் கிடைத்த நிகழ்வாக இது இருந்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது

பிப்ரவரியில் விளையாட்டின் பதிவுகளில் ஒன்று உறுத்தியது. அப்பா இறந்த வழியில் போனவர்களில் பெரும்பாலோர் நான்காவது அத்தியாயத்தை முடித்திருந்தார்கள். காப்பாற்றிய வழியில் போனவர்கள் ரயில் காட்சியில் நிறுத்திவிட்டார்கள், திரும்ப வரவில்லை. கேட்டது கிடைத்தவர்களே ஏன் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பதிவு எங்கே நிறுத்தினார்கள் என்றுதான் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

ஆகவே அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தோம். மார்ச், ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் ஒவ்வொருவராக அழைத்து, மாடி அறையில் விளையாட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். மொத்தம் பதினோரு பேர். பெரும்பாலோர் அல்சூர், மர்பி டவுன், ஃபிரேசர் டவுன் பகுதித் தமிழர்கள். விளையாட்டில் ஊறிய மாணவர்களும் இருந்தார்கள். கையில் கட்டுப்பாட்டுக் கருவியை முதல்முறை பிடித்தவர்களும் இருந்தார்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர் எந்தத் தேர்வுகளைச் செய்தால் அப்பா பிழைப்பார் என்று முன்பே தெரிந்துகொண்டு வந்திருந்தார். வேகமாகச் செய்து முடித்து, “திறந்துவிட்டேன்” என்றார், பூட்டைப் போல. பிறகு ரயில் காட்சி வந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார். “இவள் ஏன் அண்ணா இப்படி வெளியே பார்த்துக்கொண்டே வருகிறாள்? அப்பாதான் வீட்டில் இருக்கிறாரே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சியின் ஒவ்வொரு நொடியும் இல்லாத ஒருவருக்காக எழுதப்பட்டது. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, காட்சியை அப்படியே விட்டிருந்தோம்.

அடுத்த வாரம் வந்தவர் மர்பி டவுனில் வசிக்கும் செவிலியர். நாற்பது வயது இருக்கும். அவர் கிளை பற்றி ஒன்றும் அறியாதவர். அவருடைய விளையாட்டில் அப்பா இறந்தார். கருவியைக் கீழே வைத்தார். நான் குறிப்பேட்டில் ‘முடிவால் வருத்தம்’ என்று எழுதத் தொடங்கினேன்.

“தம்பி, அவர் செத்தது எனக்குக் கோபமில்லை. சுரங்கத்தில் சாவு நடக்கும், அது எனக்குத் தெரியும். போக வேண்டாம் என்று நான் சொன்னதும், அவர் நினைவில் வைத்திருப்பார் என்று நீங்கள் எழுதிக் காட்டினீர்கள். எங்கே வைத்தார்? ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா?”

அன்று மாலை பழைய குறிப்புகள் அனைத்தையும் திரும்ப எடுத்தேன். அப்பாவைக் காப்பாற்றக் கேட்டவர்களில் மிகப் பலர் தங்கள் கடிதத்தின் முதல் பாதியில் அந்த மூலை வரியைத்தான் பேசியிருந்தார்கள். காப்பாற்றுங்கள் என்ற கோரிக்கை இரண்டாவது பாதியில் வந்தது. வலிக்கு அவர்களாகவே கண்டுபிடித்த மருந்து அது. நான் மருந்தின் பெயரை எண்ணினேன், வலி எங்கே இருக்கிறது என்று படிக்கவில்லை. நாங்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம். கொடுத்த இடம் இரண்டாவது அத்தியாயம். அது பொய்த்துப் போன இடம் மூன்றாவது. பொய்த்த இடத்தில்தான் எல்லோரும் கத்துவார்கள்.

இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு, அதை நான் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். 2012 மார்ச்சில் பயோவேர் நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வெளிவந்தபோது அதன் முடிவுக்கு எதிராக விளையாட்டாளர்கள் பெரும் எதிர்ப்புக் கிளப்பினார்கள். மூன்று விளையாட்டுகளாகத் தாங்கள் செய்துவந்த தேர்வுகளுக்குக் கடைசியில் எடை இல்லை என்பது அவர்களுடைய முக்கியக் குறை. நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் விரிவாக்கப்பட்ட முடிவை இலவசமாகக் கொடுத்தது. அது அடிப்படையை மாற்றவில்லை. காட்சிகளை விரித்து, பின்விளைவுகளைச் சொல்லி, கொடுக்கப்பட்ட வழிகளை மறுத்துவிடும் ஒரு தேர்வையும் சேர்த்தது. அங்கும் வாக்கு முதலிலேயே கொடுக்கப்பட்டது. கணக்குக் கேட்டது கடைசியில்தான்.

தங்கவயல் பெரியவர்

செவிலியர் கிளம்பும்போது, “என் மாமனார் அங்கேதான் வேலை பார்த்தார். கூட்டி வரட்டுமா?” என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை அழைத்து வந்தார். எழுபதுகளின் நடுவில் இருக்கும் பெரியவர், ராபர்ட்சன்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். கருவியைத் தொட மறுத்துவிட்டார். மருமகள் விளையாட, அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு மணி நேரம் அதிகம் பேசவில்லை.

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்களுக்கு வந்த நூற்றுக்கணக்கான குறிப்புகளில் கதையை உண்மையாகவே மாற்றியவை இவர் சொன்ன இரண்டுதான்.

மூன்றாவது அத்தியாயத்தில் விபத்தைச் சங்கு ஒலியால் தொடங்கியிருந்தோம். சங்கு ஊதுகிறது, தெருவில் ஓட்டம், பிறகு செய்தி. பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“சங்குக்கு முன்னாலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடும் தம்பி. பலகையில் பாத்திரம் ஆடும். அடுப்பங்கரையில் இருக்கிற பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். ஆட்டம் நிற்பதற்குள் அவள் கணக்குப் போட்டுவிடுவாள், யார் வீட்டு ஆள் இன்றைக்கு உள்ளே என்று.”

எழுத்தாளர் அதை எழுதிக்கொள்ளவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பாட்டி கடைசி வரை பாத்திரங்களைத் தரையிலேயே அடுக்கி வைத்ததாகவும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை என்றும் பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்து, காப்பாற்றும் கிளையை நாங்களே ஓடவிட்டுக் காட்டினோம். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அப்பா விடுப்பு எடுத்துப் படுத்துவிடுகிறார், பாறை வெடிக்கிறது, காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். பெரியவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்படியானால் அந்த ஷிப்டில் யார் இறங்கினார்?”

யாரும் பேசவில்லை. “இடத்தைச் சும்மா விட மாட்டார்கள். ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் இறங்குவான். யார் இறங்கினார் என்று கதையில் வரவில்லையே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விட்டுப்போன ஒரு விவரத்தைக் கேட்பது போலத்தான் கேட்டார். அவருடைய வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஒரு மனிதரைக் காப்பாற்றியதாக நினைத்து, அவருக்குப் பதிலாக இறங்கியவரைக் கதையிலிருந்தே அழித்திருந்தோம். “பெரிய காயம் ஒன்றும் இல்லை” என்ற வரி, விளையாடுபவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. காப்பாற்றும் கிளையைக் கேட்டவர்களில் எவரும் அந்த வரியைக் கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்தது.

இரண்டாவது முடிவு

2023 மே மாதத்தில் மூன்று நாட்கள் விவாதித்தோம். மூன்று வழிகள் இருந்தன. இருப்பதை அப்படியே விடலாம். அல்லது அப்பா பிழைக்கும் கிளையில் பக்கத்து வீட்டுக்காரர் இறப்பதாக எழுதலாம். அல்லது கிளையை எடுத்துவிட்டு, பொய்யான வாக்கைக் கொடுத்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம்.

இரண்டாவது வழிக்கு வலுவான ஆதரவு இருந்தது. எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. எழுத்தாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தூக்குச் சட்டியை நீட்டிக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு வீட்டுச் சாவு இன்னொரு வீட்டுக்குப் போனது என்று கதை சொன்னால், விபத்தின் பொறுப்பு அந்தச் சிறுமியின் தலையில் ஏறுகிறது. அத்தனை ஆழத்துக்கு ஆட்களை இறக்கியவர்கள் கதையிலிருந்து தப்பித்துவிடுகிறார்கள் என்றார். அந்த வாதத்துக்கு நான் தலைவணங்கினேன். விளையாட்டில் தேர்வைக் கொடுப்பது பொறுப்பைக் கொடுப்பது. யாருக்குப் பொறுப்பில்லையோ அவர் கையில் தேர்வைக் கொடுப்பதும் ஒருவகைப் பொய்.

“சொன்னதைத் திரும்பப் பெற்றால் வாசகர்களுக்குப் பயந்தவர்கள் என்று ஆகிவிடாதா?” என்று ஓவியர் கேட்டார். அப்போது எழுத்தாளர் கல்கியை நினைவுபடுத்தினார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர். கதை சட்டென்று முடிந்துவிட்டதாகவும், பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை என்றும் வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி கதையின் முடிவைத் திருத்தவில்லை. முடிவுரை எழுதி, அவர்கள் கேட்டவற்றுக்கு விடை சொன்னார். வாசகரின் கேள்விக்குப் பதில் சொல்வதும், வாசகர் விரும்பியபடி கதையைத் திருப்புவதும் வேறு வேறு என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் உதாரணம் இல்லை.

மூன்றாவது வழியை எடுத்தோம். மூலை வரியை விளையாட்டு முழுவதிலிருந்தும் நீக்கினோம். “போக வேண்டாம்” என்ற தேர்வையும் நீக்கினோம். அந்தப் பெண் அதைச் சொல்ல வாயெடுக்கிறாள், அதற்குள் தம்பி அழுகிறான், அப்பா செருப்பை மாட்டிக்கொள்கிறார். விபத்துக்குப் பிறகு, அவள் கையில் உண்மையாகவே இருப்பவற்றில் தேர்வுகளை வைத்தோம்: தம்பியிடம் எப்போது, எந்தச் சொற்களில் சொல்வது, அப்பாவின் தூக்கை யாருக்குக் கொடுப்பது, அல்லது வைத்துக்கொள்வது. இவை ஒவ்வொன்றும் நான்காவது அத்தியாயத்தில் திரும்ப வருகின்றன. தூக்கை வைத்துக்கொண்டவர்களுக்கு ரயிலில் அவள் மடியில் அது இருக்கும்.

பெரியவரின் கேள்வி கதைக்குள் தலைகீழாக நுழைந்தது. அன்று அந்த ஷிப்ட் பக்கத்து வீட்டுக்காரருடையது. காய்ச்சலில் கிடந்த அவருக்காக அப்பா இறங்கினார். 2001-இல், மூடப்பட்ட சுரங்கத்தின் வாசலில், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அவளிடம் சொல்கிறார். அவருக்குப் பதில் சொல்வதா, கையைப் பிடிப்பதா, எழுந்து ரயிலுக்குப் போவதா என்பது விளையாடுபவரின் தேர்வு. சங்குக்கு முன்னால் பாத்திரங்கள் ஆடுகின்றன.

இவற்றைப் பயன்படுத்தப் பெரியவரிடம் அனுமதி கேட்டோம். ஆலோசகருக்கான கட்டணம் கொடுத்தோம். முதலில் மறுத்தார், பிறகு மருமகள் வாங்கிக்கொண்டார்.

பின்விளைவுகள்

2023 ஆகஸ்டில் மாற்றிய பதிப்பு வெளிவந்தது. முதல் இரண்டு வாரம் கடுமையாக இருந்தது. காப்பாற்றும் கிளையை விரும்பியவர்கள், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய கதையை நாங்கள் பிடுங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். அது நியாயமான குற்றச்சாட்டு. ஒருவர் தன் தந்தையை அந்த ஆண்டுதான் இழந்திருந்தார். காப்பாற்றும் கிளையை மூன்று முறை விளையாடியதாக எழுதியிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பழைய பதிப்பை ஸ்டீமில் தனியாக வைத்து, வேண்டுபவர்கள் அதையே தரவிறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தோம். இதை மாற்றத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

வெளியீட்டு நிறுவனம் அதிருப்தி தெரிவித்தது. அடுத்த விளையாட்டுக்கு எங்களோடு பேசவில்லை. குழுவில் இருவர் சம்பள வேலைக்குப் போய்விட்டார்கள். விற்பனை செலவை ஏறக்குறைய ஈடுகட்டியது, அவ்வளவுதான்.

மறுபக்கம், ரயில் காட்சியில் எழுந்து போவது நின்றது. செப்டம்பரில் மீண்டும் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தோம். ‘அப்பாவைக் காப்பாற்ற வழி உண்டா’ என்று இருவர் கேட்டார்கள். ஆனால் ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருந்த வேறுபாடு அதுதான்.

இப்போது செய்தால்

முதலில், மூன்றாவது அத்தியாயத்தை முன்வெளியீட்டில் கொடுக்க மாட்டேன். ‘ஹேடிஸ்’ விளையாட்டு 2018 டிசம்பரில் முன்வெளியீடாக வந்தபோதும், அதன் உண்மையான முடிவு 2020 செப்டம்பரின் முழு வெளியீட்டில்தான் வைக்கப்பட்டது. ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் முதல் பாகத்தை மட்டுமே வெளியே விட்டிருந்தது. கதையின் நடையையும் தெளிவையும் சோதிக்கத் தொடக்கம் போதும். பாதி எழுதிய சாவை விற்பனைக்கு வைத்துவிட்டுக் கருத்துக் கேட்டது எங்கள் தவறு.

குறிப்புகளைப் படிக்கும் முறையையும் மாற்றிவிட்டேன். ‘என்ன வேண்டும்’ என்று இப்போது கேட்பதில்லை. ‘அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், ஏன்?’ என்று கேட்கிறேன். அந்த ‘ஏன்’ எப்போதும் நாங்கள் எழுதிய ஏதோ ஒரு பழைய வரிக்குக் கூட்டிப் போகிறது. விளையாட்டு விளையாடுபவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாக்கையும் ஒரு தாளில் எழுதி, அது எங்கே நிறைவேறுகிறது என்று எதிரில் எழுதுகிறோம். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அந்த வரி போகும்.

தங்கவயலுக்கு எழுதும் முன்பே போயிருப்பேன். எழுத்தாளரின் குடும்ப நினைவே போதும் என்று இருந்துவிட்டோம். ரயிலில் இரண்டரை மணி நேரத் தொலைவில் எங்களைவிட அந்தக் கதையை அறிந்தவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். விளையாடுபவர்களின் கருத்துக்கு எவ்வளவு இடம் என்று மாதக்கணக்கில் வாதிட்டோம். ஒருநாளும் விளையாடப் போகாதவர்களுக்கு இந்தக் கதையில் எவ்வளவு உரிமை என்று ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை.

நவம்பரில் செவிலியர் மாற்றிய பதிப்பைத் தன் மாமனாருக்கு வீட்டில் விளையாடிக் காட்டினார். பாத்திரங்கள் ஆடும் இடத்தில் அவர் நிறுத்தச் சொல்லி, திரும்ப ஓட்டச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டாராம். “இது எவர்சில்வர் சத்தம். எங்கள் வீட்டில் எல்லாம் அலுமினியம்” என்று சொல்லி அனுப்பினார். சிவாஜிநகரில் பழைய பாத்திரக் கடையொன்றில் ஆறு அலுமினியக் குண்டான்களை வாங்கி, மாடி அறையில் மரப்பலகை மேல் அடுக்கி, நானும் எழுத்தாளரும் பலகையைக் கையால் ஆட்டிப் புதிதாகப் பதிவு செய்தோம். டிசம்பரில் வந்த கடைசிப் பதிப்பில் இருப்பது அந்த ஒலி.